காலடியிலும் ஒலி

சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் படமெடுத்த காலத்தில் ஒலி திரைப்பக்கமிருந்து மட்டுமே வந்தது. 2013இல் ‘விஸ்வரூபம்’ படம் ஆரோ 3டி ஒலிமுறையில் வந்தபோது ஒலிக்கு உயரம் கிடைத்தது: காது மட்டத்தில் ஐந்து தடங்கள், அதற்கு மேலே ஐந்து, உச்சந்தலைக்கு நேரே ஒன்று.

அதுவும் அரைக்கோளம்தான். முழுக்கோளத்துக்குக் கீழிருந்தும் ஒலி வேண்டும். 1970களில் இங்கிலாந்தில் மைக்கேல் கெர்ஸன் முதலானோர் வளர்த்த ஆம்பிசானிக்ஸ் அதற்கு வழி செய்தது. அதன் எளிய அமைப்பே எனக்கு மிகவும் பிடித்தது: கனசதுரத்தின் எட்டு முனைகளில் எட்டு ஸ்பீக்கர்கள், நடுவில் நாம். பதிவாவதோ நான்கே சமிக்ஞைகள். ஒன்று மொத்த ஒலியழுத்தம். மற்ற மூன்றும் முன்–பின், இடம்–வலம், மேல்–கீழ். இந்த நான்கையும் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அதன் திசைக்கேற்ற அளவில் கலந்து அனுப்புகிறார்கள். எந்தக் குரலும் எந்த ஸ்பீக்கருக்கும் சொந்தமில்லை. எட்டும் சேர்ந்தே திசையை உண்டாக்குகின்றன. எவ்வளவு அழகான கணக்கு!

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் மாடியறை ஒன்றிலேயே இதை அமைக்கலாம். ஸ்பீக்கர்களைச் சுவர் மூலையோடு ஒட்டிவிடக் கூடாது, பேஸ் வீங்கிவிடும். காது கனசதுரத்தின் நடுவுக்கு வர, நாற்காலியைச் சிறு மேடைமேல் ஏற்ற வேண்டும். பிறகு ஆம்பிசானிக்ஸில் பதிந்த மழையை ஓட்டிப் பாருங்கள்: தலைக்கு மேலே பொழிவதும் காலடியில் தெறிப்பதும் கேட்கும்.