பிரசங்க பீடம் யாருக்குச் சொந்தம்?

ஜெர்மன் நாட்டுப் பிரசங்க வரலாற்றைப் பெரிய ஆட்களின் பெயர்ப்பட்டியலாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். பெர்த்தோல்டு, எக்ஹார்ட், லுத்தர்னு அது நீளும். பேசினவன் வரலாறு இருக்கு. கீழே நின்னு கேட்டவன் வரலாறு எங்கே?

கேட்டவன் வாய் திறந்த இடம் ஒன்று உண்டு. 1525 மார்ச்சில் மெம்மிங்கன் நகரில் விவசாயிகள் வைத்த பன்னிரண்டு கோரிக்கைகள். அதை எழுத்தில் வடித்ததில் முக்கியமான கை, மயிர்த்தோல் ஆடை தைக்கும் தொழிலாளியான செபாஸ்டியான் லோட்சருடையது. முதல் கோரிக்கை நிலமோ வரியோ அல்ல. போதகரைச் சபைமக்களே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒழுங்கா நடக்கலேன்னா அவர்களே இறக்க வேண்டும். இரண்டாவது, தானியத் தசமபாகத்தில் போதகரின் ஜீவனம் போக மிச்சத்தில் ஏழைக்குப் பங்கு. மூன்றாவதில்தான் பண்ணையடிமை முறை வருகிறது: ஆடு மேய்ப்பவனையும் பிரபுவையும் கிறிஸ்து ஒரே இரத்தத்தால் மீட்டார் என்றால் எவன் எவனுக்கு உடைமை?

பீடத்தை ஏன் முதலில் கேட்டார்கள்? படிக்கத் தெரியாத பெருங்கூட்டத்துக்குப் பிரசங்கம்தான் புத்தகம். அடிமைப்பட்டுக் கிடப்பது கடவுள் சித்தம் என்பதும் அங்கிருந்துதான் இறங்கும். இல்லை என்பதும் அங்கிருந்துதான் இறங்கணும்.

இந்த உரிமையை 1523இல் எழுதிக் கொடுத்தவரே லுத்தர்தான். போதனையை நிதானிக்கவும் போதகரை வைக்கவும் நீக்கவும் சபைக்கு அதிகாரம் உண்டு என்றார். அதை நிஜமென்று நம்பி விவசாயி கேட்டதும் 1525இல் பாஷை மாறுகிறது. சபைச் சொத்து ஆள்பவனுடையது என்றால் முதலில் அவனிடம் பணிந்து கேளுங்கள்; ஆபிரகாமுக்கும் அடிமைகள் இருந்தார்களே! அதே ஆண்டு மே மாதம், கலகக்காரர்களை வெட்டுங்கள், குத்துங்கள் என்று அதிகாரிகளுக்கு எழுதினார்.

தாமஸ் முன்ட்சரை லுத்தருக்கு எதிர்நாயகனாக நிறுத்துவதும் நம்மிடையே வழக்கம். 1524 ஜூலை 13இல் ஆல்ஸ்டெட் கோட்டையில் தானியேல் இரண்டாம் அதிகாரத்தை வைத்து அவர் செய்த பிரசங்கம் நெருப்புதான். ஆனால் யாரிடம் பேசினார்? சாக்சனி கோமகனிடமும் அவர் மகனிடமும். வாளைச் சரியாகப் பிடிக்காவிட்டால் பறிபோகும் என்று மிரட்டினாலும், முகம் அரண்மனையைத்தான் பார்க்கிறது. பிறகு விவசாயிகளோடு நின்று, ஃபிராங்கன்ஹவுசன் தோல்விக்குப் பின் 1525 மே 27இல் தலை கொடுத்தார். அந்த மரியாதை அவருக்கு உண்டு. ஆனால் பீடமே எங்களுடையது என்ற குரல் அவருடைய பிரசங்கத்தில் இல்லை. லோட்சர் எழுதிய தாளில்தான் இருக்கிறது.

விவசாயி தோற்றான். லுத்தரன் சமஸ்தானங்களில் மன்னனே சபைக்கும் தலைவனானான். 1918இல் முடியாட்சி கவிழும்வரை அதுதான் நிலை. ஆக, பிரசங்க வரலாற்றை எழுதுகிறவர்கள் என்ன பேசினார்கள் என்பதோடு நிறுத்தக் கூடாது. அவரை அங்கே ஏற்றியது யார், இறக்க முடிந்தது யாரால் என்றும் எழுதட்டும்.