413 எந்த மைதானத்தின் கணக்கு?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி, சேலத்தில் ரயிலேறி, மாநிலத் தடகளப் போட்டிக்காகச் சென்னை வரும் பள்ளிப் பிள்ளைக்கு, சென்ட்ரலிலிருந்து நேரு ஸ்டேடியம் நடக்கிற தூரம்தான். பெரியமேட்டில் நுழைந்ததும் ஓடுதளம், நடுவே கால்பந்துத் திடல். ஒருகாலத்தில் இங்கே டெஸ்ட் கிரிக்கெட் நடந்தது என்று யாராவது எடுத்துச் சொன்னால்தான் உண்டு.

சாதனைப் பட்டியல்களில் ‘மெட்ராஸ், 1956’ என்று கண்டதுமே சேப்பாக்கம் என்று எண்ணிக்கொள்வோர் பலர். தவறு. 1956 முதல் 1965 வரை சென்னையின் டெஸ்ட் மைதானம் இதுதான். அன்று இதன் பெயர் கார்ப்பரேஷன் ஸ்டேடியம்.

1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் இங்கே தொடக்க ஜோடியாக இறங்கினார்கள். முதல் நாள் முழுக்க ஒரு விக்கெட்கூட விழவில்லை. மன்கட் 231, ராய் 173, கூட்டாக 413. ஜோகன்னஸ்பர்க்கில் ஹட்டனும் வாஷ்புரூக்கும் வைத்திருந்த 359 என்ற உலக சாதனை தகர்ந்தது. 537 ரன்னில் டிக்ளேர் செய்த இந்தியா, இன்னிங்ஸ் மற்றும் 109 ரன் வித்தியாசத்தில் வென்றது. இரண்டு இன்னிங்ஸிலுமாக 9 விக்கெட் எடுத்தவர் சுபாஷ் குப்தே. பெரிய ஸ்கோரை வெற்றியாக்கியது அவருடைய லெக் ஸ்பின்தான். 413 பற்றிய பேச்சில் அது அடிபட்டுப் போகிறது.

1962இல் இங்கிலாந்தை 128 ரன்னில் வீழ்த்தி, அந்த அணிக்கு எதிரான முதல் தொடர் வெற்றியை இந்தியா உறுதி செய்ததும் இங்கேதான். பட்டோடி சதமடித்தார், சலீம் துரானிக்குப் பத்து விக்கெட்.

அடுத்து 1964 ஜனவரி. பாபு நட்கர்னியின் கணக்கைப் பாருங்கள்: 32 ஓவர், 27 மெய்டன், 5 ரன், விக்கெட் இல்லை. அதில் தொடர்ந்து 21 மெய்டன். 131 பந்துகளில் ஒரு ரன்கூடப் போகவில்லை. எதிரே நின்றவர்களில் ஒருவர் கென் பேரிங்டன். வலைப்பயிற்சியில் ஆடுகளத்தில் நாணயத்தை வைத்து, அதைக் குறிபார்த்தே வீசிப் பழகியவர் நட்கர்னி. விக்கெட் கிடைக்காததால் அதைச் சாதாரணமாக எடைபோடக் கூடாது. இடக்கைச் சுழற்பந்தில் இவ்வளவு கட்டுப்பாடு எந்தக் காலத்திலும் அரிது.

1967இல் டெஸ்ட் சேப்பாக்கத்துக்குத் திரும்பியது. பெரியமேட்டின் பழைய அரங்கம் பின்னர் இடிக்கப்பட்டு, 260 நாட்களில் புதிதாக எழுந்தது. 1993இல் நேரு தங்கக் கோப்பைக் கால்பந்து, 1995இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டி, 2014 முதல் சென்னையின் எஃப்.சி. ஆட்டங்கள் என்று அதற்கு வேறு வாழ்க்கை அமைந்தது. நகருக்கு அது தேவைதான். ஆனால் அந்த வளாகத்திலேயே மன்கட், ராய், நட்கர்னி பெயர்கள் பளிச்சென்று கண்ணில் படவேண்டும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் தாங்கள் நிற்கும் மண்ணில் என்ன நடந்தது என்று அறிவது அவர்களுடைய உரிமை.

மன்கட்டின் 231தான் நீண்ட காலம் டெஸ்டில் இந்தியரின் உச்ச ஸ்கோர். 1983 டிசம்பரில் அதைக் கடந்தவர் கவாஸ்கர், ஆட்டமிழக்காமல் 236. அந்த மைதானம் சேப்பாக்கம்!

413 இன்னும் நெடுநாள் நின்றது. 2006இல் லாகூரில் சேவாக்கும் டிராவிடும் 410 வரை வந்தார்கள், சேவாக் ஆட்டமிழந்தார். 2008இல் தென்னாப்பிரிக்காவின் ஸ்மித்தும் மெக்கென்சியும் சிட்டகாங்கில் 415 எடுத்து உலக சாதனையைப் பறித்தார்கள். இந்தியத் தொடக்க ஜோடிகளில் மட்டும் பெரியமேட்டின் அந்த 413ஐ இதுவரை யாரும் தாண்டவில்லை.