நிழலுக்கு உரிய பங்கு

உச்சி வேளையில் கோயில் பிரகாரத்துக்குள் நின்று வாசலை நோக்கிப் படமெடுப்பவருக்கு இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். தூண் சிற்பம் தெளிந்தால் வெளிமுற்றம் வெளுத்துப்போகும். முற்றம் தெளிந்தால் தூண் இருண்டுவிடும். கண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்து ஒரே காட்சியாகக் கட்டிக்கொள்கிறது. கேமராவுக்கு அந்த வசதி இல்லை. இந்தக் குறையை ஈடுகட்டும் கலையைத்தான் இன்று எச்.டி.ஆர். என்கிறோம். கணினியோடு பிறந்த கலை என்று பலர் எண்ணுகிறார்கள். அதன் வேர் இருட்டறையில் இருக்கிறது.

1850களின் தகடுகள் நீல ஒளிக்கே மிகுதியாக வசப்பட்டவை. கடலுக்கு அளவு வைத்தால் வானம் வெற்று வெள்ளையாகிவிடும். பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே, தம் கடற்காட்சிகள் சிலவற்றில் வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என எடுத்து, அடிவானக் கோட்டில் இணைத்து ஒரே பிரிண்டாக்கினார். அதே காலத்தில் மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக மதுரையையும் தஞ்சாவூரையும் பதிவுசெய்த லின்னேயஸ் டிரைப், வெறுமையான வானங்களில் நெகட்டிவின் மேலேயே தூரிகையால் மேகம் தீட்டினார். முன்னவர் இருக்கும் ஒளியை இரண்டு முறையாகச் சேகரித்தார். பின்னவர் இல்லாததைக் கையால் வரைந்தார். இன்றைய பாணிகளின் பிரிவு அங்கேயே தொடங்கிவிட்டது.

1940 வாக்கில் ஆன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் வகுத்த மண்டல முறை, முழுக் கறுப்பு முதல் முழு வெள்ளை வரை தொனிகளை 0 முதல் 10 வரை படிகளாக்கியது. நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தில் 1941இல் ஆடம்ஸ் எடுத்த நிலவுதயப் படத்தை இதற்காகவே ஊன்றிப் பார்க்க வேண்டும். ஒளிமானி கைக்கு அகப்படாமல், நிலவின் பிரகாச அளவு நினைவில் இருந்ததை வைத்து எக்ஸ்போஷரைக் கணக்கிட்டார். கிடைத்த நெகட்டிவில் முன்புறம் மெலிந்திருந்தது. சில ஆண்டுகள் கழித்து அந்தப் பகுதியை மட்டும் ரசாயனத்தால் வலுவூட்டினார். பிற்காலப் பிரிண்டுகளில் வானத்தை மேலும் மேலும் இருட்டினார். ஒரே நெகட்டிவ், ஆனால் தொடக்கப் பிரிண்டின் மேகம் படர்ந்த வானம் வேறு, பிந்தைய கரிய வானம் வேறு. தொனியை மிகைப்படுத்துவது குறித்து நாம் இன்று நடத்தும் வாதங்கள் அனைத்துக்கும் அந்தப் பிரிண்டுகள் விடை சொல்லும் என்பது என் எண்ணம். அங்கே இருட்டு கூடக் கூட, கல்லறைச் சிலுவைகளின் மேல் விழுந்த மாலை வெயில் இன்னும் எழுந்து நிற்கிறது.

பல எக்ஸ்போஷர்களிலிருந்து காட்சியின் உண்மையான ஒளியளவைக் கணக்கிட்டு மீட்கும் வழியை 1990களில் ஸ்டீவ் மானும், பின்னர் 1997இல் பால் டெபவெக், ஜிதேந்திர மாலிக் இருவரும் தந்தார்கள். மீட்ட ஒளியைத் திரைக்கும் காகிதத்துக்கும் அடக்குவது டோன் மேப்பிங். 2002இல் எரிக் ரைன்ஹார்டும் அவர் கூட்டாளிகளும் முன்வைத்த முறை, ஆடம்ஸின் மண்டலங்களையே அடியொற்றியது. அதன்பின் ஃபோட்டோமேட்டிக்ஸ் மென்பொருளும் 2005இன் ஃபோட்டோஷாப்பும் இதை எல்லோர் கைக்கும் கொண்டுவந்தன. கோபுரத்தைச் சுற்றி ஒளிவளையம், அழுக்கேறிய மேகம், சாம்பல் நிற விளக்குச்சுடர் என்ற விளைச்சலும் கூடவே வந்தது. ஒளிவளையத்துக்குக் காரணம் எளிது. மென்பொருள் ஒவ்வொரு இடத்தையும் அதன் சுற்றுப்புறச் சராசரியோடு ஒப்பிட்டு ஏற்றி இறக்குகிறது. கரிய கோபுரமும் வெளுத்த வானமும் சந்திக்கும் விளிம்பில் சராசரி இரண்டுங்கெட்டானாகிறது. அதனால் அங்கே வானம் தேவைக்கு மேல் வெளுக்கிறது. ஸ்லைடரைத் தள்ளத் தள்ள வளையம் தடிக்கும்.

மனிதர்களைப் படமெடுக்கப் பல எக்ஸ்போஷர் வழி முதலிலேயே இடறும். அடுத்தடுத்த எக்ஸ்போஷர்களுக்குள் ஆள் அசைந்துவிடுவார். இங்கேதான் ஒளியமைப்புப் பள்ளி மேலோங்குகிறது. 2000களில் அமெரிக்காவின் டேவ் ஹில் எடுத்த விளம்பரப் படங்களைப் பலர் எச்.டி.ஆர். என்றே நம்பினார்கள், அவற்றின் அடித்தளம் ஃபிளாஷ். முறை இதுதான்: வானத்துக்கு அளவு வைத்து, அதையும் ஒரு ஸ்டாப் குறைத்துக்கொள்ள வேண்டும். ஆளுக்குப் பின்னே இருபுறமும் இரண்டு ஃபிளாஷ் வைத்தால் தோளிலும் தாடையிலும் ரிம் லைட் விழும். முன்னே, சற்று மேலிருந்து சாஃப்ட்பாக்ஸ். முகத்தை வானத்தின் அளவுக்கு உயர்த்திவிட்டால் காட்சியின் வீச்சு ஒரே ஃபிரேமுக்குள் அடங்கிவிடும். அதன்பிறகே எடிட்டிங்: உள்ளூர் கான்ட்ராஸ்ட்டை ஆடைக்கும் உலோகத்துக்கும் தனி மாஸ்க்கில் கூட்டி, தோலில் பாதிக்கும் கீழே நிறுத்த வேண்டும். தோலில் மிகுந்தால் மயிர்க்கால்கள் எல்லாம் புண்ணாகத் தெரியும். ஆளைப் பொறுத்தவரை இந்தப் பள்ளியையே நான் முதலில் வைப்பேன். இங்கே ஒவ்வொரு நிழலுக்கும் ஒரு திசை இருக்கிறது. ஸ்லைடர் எந்தப் பக்கமிருந்தும் வராத வெளிச்சத்தைத் தருகிறது. பார்ப்பவர் காரணம் சொல்லத் தெரியாமலே அதை நம்ப மறுக்கிறார்.

கைப்பேசி தனிப் பள்ளியா என்றால், ஆம். 2013 வாக்கில் கூகுளின் எச்.டி.ஆர்.பிளஸ், வெவ்வேறு எக்ஸ்போஷர்களை விட்டு, ஒரே அளவில் குறைவாக எக்ஸ்போஸ் செய்த பல ஃபிரேம்களை அடுக்கிப் புள்ளியிரைச்சலைக் கரைத்தது. நிழலை எவ்வளவு தூக்குவது என்று அங்கே மென்பொருளே முடிவு செய்கிறது. எனக்கு உறுத்துவது அதுதான்.

அளவுகோல் துறைக்குத் துறை மாறும். 2009இல் டென்மார்க்கின் பத்திரிகைப் படப் போட்டி ஒன்றில், ஹைட்டியில் எடுத்த படங்கள் மிகையான நிறத்திருத்தத்துக்காக விலக்கப்பட்டன. 2013இல் உலகப் பத்திரிகைப் புகைப்படப் பரிசு பெற்ற பால் ஹான்சனின் காசா படம் சர்ச்சைக்குள்ளானபோது, தொனியும் நிறமும் திருத்தப்பட்டிருக்கின்றன, ஒட்டுவேலை இல்லை என்று ஆய்வு முடிவு சொன்னது. செய்திக்கு அந்தக் கட்டுப்பாடு நியாயம். போட்டிகளின் கலைப் பிரிவில் நான் பார்ப்பது ஒளியின் வரிசையை. ஜன்னலுக்கு வெளியே உள்ள வானம் உள்சுவரைவிடப் பிரகாசமாக இருக்க வேண்டும். சுடர் வெள்ளையாகவே இருக்கட்டும். எங்கேனும் ஓரிடத்தில் முழுக் கறுப்பு நிற்கட்டும். பிரகாரத்தின் ஆழம் அந்தக் கறுப்பில்தான் இருக்கிறது.

இப்போது திரைகளே கூடுதல் வீச்சோடு வருகின்றன. 2023இன் ஆண்ட்ராய்டு 14 முதல், ஒரே கோப்பு பழைய திரையில் சாதாரணமாகவும் புதிய திரையில் கூடுதல் பிரகாசத்தோடும் தெரியும் வடிவம் புழக்கத்தில் இருக்கிறது. காகிதத்திலோ அதன் வெண்மைக்கு மேல் வெளிச்சம் கிடையாது. ஆகவே ஒரே படத்துக்குத் திரைக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று எனத் தொனியைத் தனித்தனியே அமைக்கும் பழக்கம் நம்மவர்க்கு வர வேண்டும். போட்டி நடத்தும் சங்கங்களும் இரண்டையும் வெவ்வேறு பிரிவாக வைத்து, அச்சுப் பிரிவில் பிரிண்டைக் கையில் ஏந்திப் பார்த்தே மதிப்பெண் இட வேண்டும்.