எஸ்ஸோ பெட்டிக்குள் ஒரு செம்பனை வண்டி

டாப்பல் நிறுவனம் விற்கும் எஸ்ஸோ டாங்கி ரயில் வண்டியின் மாதிரி கிட் புதிய சரக்கு அல்ல. அறுபதுகளில் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் அதை வெளியிட்டது. 1981-இல் ஏர்ஃபிக்ஸ் நொடித்துப்போன பிறகு அதன் ரயில் மாதிரிகளுக்கான வார்ப்பு அச்சுகள் கைமாறி, வேல்ஸில் உள்ள டாப்பலிடம் வந்து சேர்ந்தன. அரை நூற்றாண்டு தாண்டிய அச்சிலிருந்து இன்றும் பாகங்கள் வார்க்கப்பட்டு வருகின்றன. 1:76 அளவில் நான்கு சக்கர எண்ணெய் வண்டி, விலை மலிவு. இன்றைய கன்டாம் ரோபோ கிட் போல அழுத்தினால் பொருந்தும் ரகம் இல்லை. பசை வேண்டும், அரம் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

இதை மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துச் சிகாமட்டில் உட்கார்ந்து ஏன் கட்ட வேண்டும்? கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரைக்குமான ரயில் பாதை 1909-இல் முழுமை பெற்றது. நம் ஊர் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. ரப்பரும் பின்னர் செம்பனையும் இந்த மாநிலத்தை நிறைத்தன. 1930-களிலேயே ஜொகூர்த் தோட்டங்களின் செம்பனை எண்ணெய் டாங்கி வண்டிகளில் சிங்கப்பூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. இப்போது அந்தப் பாதையில் இடிஎஸ் மின்சார ரயில் ஓடுகிறது. 2025 மார்ச்சில் சிகாமட் வரை வந்துவிட்டது. ஆனால் நம் தாத்தாக்கள் பழக்குலை வெட்டிக் கொடுத்த எண்ணெயைச் சுமந்த வண்டியின் மாதிரியை எந்தக் கடை அலமாரியிலும் நான் பார்த்ததில்லை. வேண்டுமென்றால் நாமே செய்துகொள்ள வேண்டும். அதற்குக் கைக்கு அடக்கமான மூலப்பொருள் இந்த எஸ்ஸோ பெட்டி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். டாங்கியின் வடிவம் அழகாக இருக்கிறது. மூடியின் ஆணித்தலைகள், அடிச்சட்டத்தின் அச்சுப்பெட்டிகள், பிரேக் கம்பிகள் எல்லாம் இத்தனை ஆண்டுக்குப் பிறகும் தெளிவாக வந்திருக்கின்றன. பழைய அச்சு என்பதால் பாக ஓரங்களில் மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு கசிந்திருக்கும். கூர்மையான கத்தியால் சுரண்டினால் போய்விடும். ஒட்டுவதற்குப் பச்சை மூடி போட்ட தமியா எக்ஸ்ட்ரா தின் போதும். கன்டாம் விற்கும் கடைகளிலேயே கிடைக்கிறது.

முதல் சோதனை, டாங்கியின் இரு பாதிகள் சேரும் கோடு. உருளையின் மேல் ஒரு கோடு தெரிந்தால் மொத்த வண்டியும் பொம்மையாகிவிடும். பாதிகளைச் சேர்த்து அழுத்தும்போது உருகிய பிளாஸ்டிக் கொஞ்சம் வெளியே பிதுங்க வேண்டும். பிதுங்கினால் நல்லது. மறுநாள் வரை தொடாமல் வைத்துவிட்டுப் பட்டி பார்க்கலாம். கடைப் பட்டியைவிட, பாகங்களைப் பிடித்திருக்கும் சட்டமான ரன்னரின் வெட்டிப்போட்ட துண்டுகளை அதே பசையில் ஊறப்போட்டுக் கிடைக்கும் கூழ் மேல். காய்ந்ததும் அதே பிளாஸ்டிக்காகிவிடும். அப்புறம் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, 400-இல் தொடங்கி 1000 வரை, உருளையின் வளைவை ஒட்டியே தேய்க்க வேண்டும். தட்டையாகத் தேய்த்தால் அந்த இடம் சப்பையாகிவிடும். வெள்ளி நிறச் சாயம் ஒரு சிறு கீறலையும் மன்னிக்காது. முதன்முறை கட்டுகிறவர்கள் கறுப்புச் சாயத்துக்கு ஏற்றபடி திட்டமிடுங்கள்.

டாங்கியை மூடுவதற்கு முன் எடை ஏற்ற வேண்டும். கிட் அப்படியே இறகுபோல இலேசு. வளைவில் முதலில் தடம் புரள்வது இதுவாகத்தான் இருக்கும். ஓர் அச்சுக்கு 25 கிராம் என்பது பிரிட்டனில் பலர் பின்பற்றும் கணக்கு. இரண்டு அச்சு வண்டிக்கு மொத்தம் 50 கிராம். தூண்டில் ஈயம் கையருகில் இருக்கிறதே என்று அதை உள்ளே போட்டு வெள்ளைப் பசை ஊற்றிவிடாதீர்கள். அந்தப் பசையிலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை அரித்து வெண்மையான உப்பாக்கும். அந்த உப்பு ஈயத்தைவிட அதிக இடம் கேட்கும். சில ஆண்டுகளில் டாங்கி உப்பி, கஷ்டப்பட்டு மறைத்த கோட்டிலேயே பிளக்கும். நம் ஊர் ஈரப்பதம் அதற்குத் துணை போகும். இரும்பு நட்டுகளை எபாக்ஸியில் பதித்துவிட்டால் கவலையில்லை.

கிட்டின் பெரிய குறை சக்கரம். பிளாஸ்டிக் சக்கரமும் அச்சும் உருளும், ஆனால் தள்ளாடும். அழுக்கை வாரித் தண்டவாளமெங்கும் பூசும். உலோகச் சக்கரம் தனியாக வாங்கியே ஆக வேண்டும். 26 மில்லிமீட்டர் நீள ஊசிமுனை அச்சில் கோத்த சக்கரங்கள், அச்சுப்பெட்டிக்கு உள்ளே பொருத்தச் சின்னப் பித்தளைக் கிண்ணங்கள், இவ்வளவுதான். கிண்ணத்துக்கு 2 மில்லிமீட்டர் துளை போட மின்துளைப்பான் வேண்டாம். கைத்துளைப்பானை விரலால் திருப்பினால் போதும், மறுபக்கம் பொத்துக்கொள்ளாது. அடிச்சட்டத்தைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, பசை இளகியிருக்கும்போதே நான்கு சக்கரமும் கண்ணாடியைத் தொடுகின்றனவா என்று பாருங்கள். ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றாலும் அந்த வண்டி என்றைக்கும் ஒழுங்காக ஓடாது.

ஏணிகளும் கைப்பிடிகளும் நிஜ வண்டியோடு ஒப்பிட்டால் தடியாக இருக்கின்றன. பெரிதாக்கிப் பார்த்தால் ஏணிப்படி ஒவ்வொன்றும் ஆள் மணிக்கட்டு மொத்தம். கைப்பிடிகளை வெட்டிவிட்டு 0.45 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி வளைத்துச் செருகினால் வண்டியின் முகமே மாறிவிடுகிறது. ஏணியைப் பித்தளையில் மாற்றுவது அவரவர் விருப்பம். பக்கத்தை அரத்தால் மெலிதாக்கினாலே பாதி வித்தியாசம் கிடைக்கும்.

இனி மலாயா வண்டியாக மாற்றுவது. நம் பாதை மீட்டர் பாதை. பிரிட்டன் வண்டிக்கு முனைக்கு இரண்டாக நான்கு பஃபர்கள். நம் கேடிஎம் ரயில் நிறுவனத்தின் சரக்கு வண்டிக்கு நடுவில் ஒரே கப்ளிங். எனவே நான்கு பஃபரையும் அறுத்து, முனைச் சட்டத்தைச் சமமாக்கி, நடுவில் கொக்கி வகைக் கப்ளிங் பொருத்துங்கள். பாதை அகலத்துக்கு ஒரு கணக்கு உண்டு. 1:76 அளவில் மீட்டர் பாதை 13 மில்லிமீட்டர் சொச்சம். கடையில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிடைக்கிறது. நிஜ அளவில் அது மூன்று அடிக்குச் சமம். வழக்கமான 16.5 மில்லிமீட்டரோடு ஒப்பிட்டால் கண்ணுக்கு எவ்வளவோ நெருக்கம். அடிச்சட்டத்தை வெட்ட வேண்டியதில்லை. அச்சின் நீளம் அப்படியே இருக்க, சக்கரங்களை மட்டும் இருபுறமும் ஒரே அளவாக உள்ளே தள்ளினால் போதும். குறுகிய பாதை மேல் அகன்ற உடல் என்ற மீட்டர் பாதை வண்டியின் தோற்றம் தானாக வந்துவிடும்.

பெட்ரோல் வண்டிக்கும் செம்பனை வண்டிக்கும் வித்தியாசம் அடியில்தான். பிரிட்டனில் எளிதில் தீப்பற்றும் பெட்ரோலை நெடுங்காலம் மேலிருந்தே உறிஞ்சி எடுத்தார்கள். அடியில் வாய் வைக்கவில்லை. செம்பனை போன்ற கெட்டியான எண்ணெய்க்கு அடியில் திறப்பு வேண்டும். நம் சமையலறைப் போத்தலில் இருப்பது செம்பனை எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த திரவப் பகுதியான ஓலீன். ஆனால் ஆலையிலிருந்து வரும் கச்சா எண்ணெய் ஆறினால் உறையத் தொடங்கும். இறக்கும் முன் டாங்கிக்குள் ஓடும் சுருள் குழாயில் நீராவி விட்டு இளக்க வேண்டும். ஆகவே டாங்கியின் ஒரு முனையில், கீழ்ப்பக்கமாக, நீராவி நுழையவும் வெளியேறவும் இரண்டு குழாய் வாய்கள். நடு அடியில் ஒரு வால்வு. நீட்டி இழுத்த ரன்னரிலேயே மூன்றையும் செய்துவிடலாம்.

சாயத்துக்கு நாள் பார்க்க வேண்டும். மழை பெய்து ஓய்ந்த சாயங்காலத்தில் ஸ்ப்ரே அடித்தால் லேக்கர் வெளுத்துப் பூத்துவிடும். வெயிலேறிய முற்பகல்தான் சரி. கச்சா செம்பனை எண்ணெய் கரோட்டினால் செம்மஞ்சளாக இருக்கும். மூடியைச் சுற்றி அந்த நிறத்தை வழியவிட்டு, புதுக் கசிவுக்கு மினுங்கும் வார்னிஷ், பழைய கசிவின் மேல் மங்கல் வார்னிஷோடு கொஞ்சம் தூசி. அடிச்சட்டத்துக்குச் செம்மண் நிறம். கறுப்பு டாங்கியில் இந்தச் செம்மஞ்சள் வழிசல் ஒன்றே போதும், அது எந்த நாட்டு வண்டி என்று சொல்லிவிடும்.

என் தீர்ப்பு: டாங்கிக்கு முழு மதிப்பெண், அடிச்சட்டம் தேறியது, சக்கரம் தோல்வி. சக்கரச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொண்டே வாங்குங்கள். முடிந்தால் இரண்டு பெட்டி வாங்கி, முதலாவதைக் குறிப்புத் தாளில் உள்ளபடியே கட்டிக் கை பழகியபின் இரண்டாவதை அறுங்கள். ஒரு வேண்டுகோளும் உண்டு. எழுத்தும் எண்ணும் டாங்கியில் எங்கே இருந்தன என்பதைப் பழைய படம் பார்த்துத்தான் வரைய முடியும். சிகாமட், லாபிஸ், குளுவாங் பக்கம் தோட்டத்திலோ ரயிலிலோ வேலை பார்த்தவர்களின் வீட்டு ஆல்பத்தில், யாருக்கோ பின்னால் ஒரு டாங்கி வண்டி நிற்கக்கூடும். அந்தப் படத்தைக் குப்பையில் போடாமல் ஸ்கேன் செய்து வையுங்கள். பின்பக்கம் ஊரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள்.