அடி விழுந்த இடம்

சூப்பர் ஹீரோ படங்களில் உன்னை மொத்தமாகச் சாய்த்த காட்சி எது என்று யாராவது கேட்டால், யாரும் பறக்காத, எதுவும் வெடிக்காத ஒரு காட்சியைத்தான் சொல்வேன். 2012-இல் கிறிஸ்டோபர் நோலன் எடுத்த ‘தி டார்க் நைட் ரைசஸ்’. பேட்மேனின் முதுகெலும்பை முழங்காலில் போட்டு முறித்தானே, பேய்ன், அதே ஆள் கடைசியில் அடி வாங்கிக் கிடக்கிறான். பக்கத்தில் ஒரு பெண் பழைய கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மூக்கையும் வாயையும் இரும்புச் சிலந்திபோல் கவ்வியிருக்கும் முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும்தான் தெரிகின்றன. அந்தக் கண்களில் நீர் கோர்க்கிறது. அவ்வளவுதான் காட்சி. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது!

எங்கள் செட் கூடுவது புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் சாலையின் இரைச்சல் லேசாகக் கேட்கும் ஒரு மொட்டை மாடியில். வாடகைக்கு எடுத்த புரொஜெக்டர், கொடிக்கயிற்றில் கிளிப் போட்டுக் கட்டிய வெள்ளை வேட்டி, எண்ணெய் வழியும் வாழைக்காய் பஜ்ஜி. காற்று கொஞ்சம் வேகமாக வந்தால் பேட்மேனின் கோதம் நகரமே நெளியும். ஆனாலும் சொல்கிறேன், ஏசி தியேட்டரில் பார்த்ததைவிட இங்கே பார்த்ததுதான் மனசில் நிற்கிறது. ஏனென்றால் இங்கே நடுவில் நிறுத்திச் சண்டை போடலாம். பேய்னுக்கு என்ன காயம், எங்கே வலிக்கிறது, ஏன் அழுகிறான் என்பதற்காக மட்டுமே நாங்கள் விடிய விடிய கத்தியிருக்கிறோம்.

காயத்தைப் பற்றிப் படம் சொல்வது சொற்பம். கிணறு மாதிரி ஒரு பாதாளச் சிறை. தலைக்கு மேலே வட்டமாக வானம். அங்கே பிறந்து வளர்ந்த ஒரு பெண் குழந்தை (கண்ணீர்க் காட்சியில் கதை சொல்கிறாளே, அவள்தான்) சுவரில் ஏறித் தப்பிக்கிறது. கீழே நின்று மற்றக் கைதிகளைத் தடுத்தவன் பேய்ன். கூட்டம் மொத்தமும் அவன்மேல் பாய்ந்தது. சிறையிலிருந்த வைத்தியர் சரிசெய்யப் போய் இன்னும் கெடுத்துவிட்டார். அன்றிலிருந்து ஓயாத வலி. முகமூடி வழியே வரும் வாயுதான் அந்த வலியைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறது.

இதில் ஒரு அபாரமான விஷயம் இருக்கிறது. 1993-இல் காமிக்ஸில் பேய்ன் அறிமுகமானபோது அவன் உடம்பில் குழாய் வழியாக ‘வெனம்’ என்ற மருந்து ஏறும். ஏறினால் அசுர பலம் வரும். நோலன் அதை அப்படியே புரட்டிப் போட்டார். படத்தில் குழாய் வழியே வருவது பலம் இல்லை, வலி நிவாரணம். அதாவது நாம் பார்த்துப் பயப்படுகிற அந்த ஆள் முழு நேர நோயாளி!

எங்கள் செட்டில் ஒருவன் ஆபரேஷன் தியேட்டரில் டெக்னீஷியன். அவனால் இதைப் பொறுத்துக்கொள்ளவே முடியாது. “மயக்க வாயுவை நாள் முழுக்க இழுத்துக்கிட்டு எவன்டா சண்டை போடுவான்? ரெண்டாவது நிமிஷம் குறட்டை விட்டுடுவான்” என்பான். அதற்கு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் இன்னொருவன் சொன்ன பதில்தான் எங்கள் மாடியின் பொன்மொழி: “மருந்து அவனைத் தூங்கச் சொல்லுது, வலி எழுந்திருங்குது. ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறான்டா அவன்.” டெக்னீஷியன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்றைக்கு பஜ்ஜியை அவன்தான் நீட்டினான்.

பேட்மேனும் பேய்னும் மோதும் இரண்டு சண்டைகளையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். முதல் சண்டை சாக்கடைச் சுரங்கத்தில். பின்னணி இசைகூடக் கிடையாது, தண்ணீர்ச் சத்தம்தான். பேட்மேன் குத்துகிறார், குத்துகிறார், பேய்ன் அசையவே இல்லை. ஏற்கெனவே பெரிய வலியோடு வாழ்கிறவனுக்கு இந்தக் குத்தெல்லாம் ஒரு பொருட்டா? கடைசிச் சண்டையில் பேட்மேன் உடம்பை விட்டுவிட்டு முகமூடியைக் குறிவைக்கிறார். ஒரு குழாய் பிடுங்கிக்கொள்கிறது. அந்த நொடியில் பேய்னாக நடித்த டாம் ஹார்டி செய்வதைப் பாருங்கள். கை தானாக முகத்துக்குப் போகிறது. விரல்கள் குழாயைத் தேடுகின்றன. அதுவரை சபையில் பிரசங்கம் செய்கிற தோரணையில் நிதானமாக இருந்தவன், கண்மண் தெரியாமல் கையை வீசுகிறான். குத்து தவறித் தூணில் விழுந்து காரை பெயர்கிறது. வசனமே தேவையில்லை. இத்தனை வருஷம் அடக்கிவைத்த வலி மொத்தமும் திரும்பி வந்துவிட்டது என்று நமக்கே புரிந்துவிடும்.

பாதி முகத்தை மூடிவிட்டால் ஒரு நடிகனிடம் என்ன மிஞ்சும்? ஹார்டியிடம் புருவம், நெற்றி, கழுத்து, நடை எல்லாமே மிஞ்சியது. குரலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பார்ட்லி கோர்மன் என்ற வெறுங்கைக் குத்துச்சண்டை வீரரின் பேச்சிலிருந்து எடுத்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். அடிமட்டத்திலிருந்து வந்த ஒருவன் பெரிய மனுஷத் தோரணையில் பேசுகிற அந்த ஏற்ற இறக்கம், பாதி வார்த்தை புரியாவிட்டாலும் காதிலேயே நிற்கும்.

இன்னொரு சந்தோஷம், அந்தப் பாதாளச் சிறையின் வாசல் நம் நாட்டில் இருக்கிறது. உள்பகுதி இங்கிலாந்தில் கார்டிங்டனில் போட்ட செட். பேட்மேனான புரூஸ் வெயின் மேலே ஏறி வெளியே வந்து நிற்கும் இடம் ராஜஸ்தானின் ஜோத்பூர். பின்னால் தெரிவது 1459-இல் கட்டத் தொடங்கிய மெஹ்ரான்கர் கோட்டை. அது வேட்டித் திரையில் வந்ததும் எங்கள் மாடியில் பறக்கும் விசில் மூலக்குளம் வரை கேட்கும்.

ஒருநாள் நண்பனின் அம்மா சுண்டல் கொடுக்க மேலே வந்தார். கண்ணீர்க் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. நின்று பார்த்துவிட்டு, “ஏன்டா, அந்தப் புள்ள வாயில இன்னாடா மாட்டி வச்சிருக்கானுங்க? அழக்கூட முடியாம கெடக்குதே” என்றார். அவன் வில்லன் என்று சொன்னோம். “யாரா இருந்தா இன்னா, எப்படி அடிபட்டுச்சாம்?” என்று அடுத்த கேள்வி. ஒரு குழந்தையைக் காப்பாத்தப் போய் என்றோம். அம்மா தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். படம் முடியும்வரை எழுந்திருக்கவே இல்லை.

அன்றைக்கே அவருக்காக ‘மின்னல் முரளி’யும் போட்டோம். 2021 டிசம்பர் 24-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த, பேசில் ஜோசப்பின் மலையாளப் படம். அதில் வில்லன் ஷிபு, நம்ம குரு சோமசுந்தரம். கூத்துப்பட்டறையில் வளர்ந்தவர், ‘ஆரண்ய காண்டம்’, ‘ஜோக்கர்’ படங்களில் கலக்கியவர், ‘ஜிகர்தண்டா’வில் ரவுடிக்கே நடிப்புச் சொல்லித் தந்த வாத்தியார். ஹீரோ டொவினோ தாமஸுக்கும் இவருக்கும் ஒரே நேரத்தில் மின்னல் அடிக்கிறது, சக்தி வருகிறது. ஷிபு முகத்தை மறைத்துக்கொண்டு வங்கியைக் கொள்ளையடிக்கிறான். எதற்கு? காலமெல்லாம் மனசில் வைத்திருந்த உஷாவின் மகளுக்கு வைத்தியச் செலவு.

கவனித்தீர்களா? இங்கேயும் ஒரு பெண் குழந்தை! பேய்ன் ஒரு குழந்தைக்காக முகத்தை இழந்தான். ஷிபு ஒரு குழந்தைக்காக முகத்தை மறைத்தான். ஷிபுவின் உடம்பில் காயம் எதுவும் இல்லை. ஊரே அவனைக் கிறுக்கன் என்று ஒதுக்கி வைத்ததுதான் அவன் புண். உஷா கடைசியில் அவனை ஏற்றுக்கொள்ளும் காட்சியில் குருவின் முகத்தைப் பாருங்கள். சிரிப்பு வருகிறது, வாய் கோணுகிறது, அழுகை முட்டுகிறது, மறுபடி சிரிப்பு. எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்கியது என்று சொல்லவே முடியாது. ஒரு பெரும் நடிகனின் வேலை அது. பேய்னிடம் கண்கள் மட்டும் செய்ததை இங்கே முகம் முழுக்கச் செய்கிறது. அப்புறம் ஊர்க்காரர்கள் வைத்த தீயில் உஷா போய்விடுகிறாள். அதற்குப் பிறகு அவன் செய்வதெல்லாம் பயங்கரம்தான். ஆனாலும் எங்கள் மாடியில் ஒருவரும் அவனைத் திட்டவில்லை.

வில்லனுக்காக அழுவது ஒன்றும் நமக்குப் புதுசு இல்லை. புதுச்சேரி, விழுப்புரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் படுகளம் பார்த்தவர்களுக்குத் தெரியும். களிமண்ணில் பிரம்மாண்டமாகத் துரியோதனன் மல்லாந்து கிடப்பான். வீமன் வேஷக்காரர் வந்து தொடையைப் பிளப்பார். இத்தனை நாள் கதை கேட்டு அவனைத் திட்டிய அதே ஊர், காந்தாரி ஒப்பாரி வைக்கும்போது சேர்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்ளும். முகம் முழுக்க அரிதாரமும் தலையில் கிரீடமுமாக வரும் அந்த வில்லனுக்கு நம் பாட்டிகள் எப்போதோ ரசிகர் மன்றம் தொடங்கிவிட்டார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம் என்னை ஆட்டிப்படைக்கிறது. துரியோதனன் அடிபட்டது, சபையில் திரௌபதியிடம் காட்டிய தொடையில். பாவம் செய்த இடத்திலேயே அடி. பேய்னுக்கு விழுந்தது வேறு மாதிரி அடி. வாழ்க்கையில் அவன் செய்த ஒரே நல்ல காரியத்தின் தழும்பு அந்த முகம். ஹீரோ ஜெயிப்பதற்குத் தட்டிய இடம் அதுதான்! இதை யோசித்த பிறகு எனக்கு அந்த வெற்றியில் கைதட்டவே வருவதில்லை.

அதனால்தான் பேய்ன் செத்த விதத்தில் எங்களுக்குத் தீராத கோபம். கண்ணீர் காய்வதற்குள் கேட்வுமன் வண்டியில் வந்து ஒரே குண்டில் தூக்கி எறிந்துவிடுகிறாள். இத்தனை பெரிய ஆளுக்கு ஒரு ஒப்பாரி வேண்டாமா? அவன் காப்பாற்றிய அந்தப் பெண் டாலியாவையாவது ஒரு நிமிஷம் அழவிட்டிருக்கக் கூடாதா? நோலன் ஒருமுறை நம்மூர்ப் படுகளத்தைப் பார்த்திருந்தால் இந்த அவசரம் காட்டியிருக்க மாட்டார்.

நீங்கள் இரண்டு படமும் ஏற்கெனவே பார்த்திருந்தாலும் சரி, இந்த வாரக் கடைசியில் ஒரே இரவில் பாருங்கள். முதலில் பேய்ன், அப்புறம் ஷிபு. ஹீரோக்களை மறந்துவிடுங்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. அடி எங்கே விழுந்தது, யாருக்காக விழுந்தது என்று மட்டும் பாருங்கள். தனியாகப் பார்க்காதீர்கள், சண்டை போட நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேரில் ஒருவர் கட்டாயம் யாருடைய அம்மாவாவது இருக்கட்டும்.