இளையாளின் மூன்றாம் மொழி

ழாக் ஓடியார் இயக்கிய ‘தீபன்’ 2015இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது வாங்கியபோது, நான் படித்த விமர்சனங்களில் பெரும்பாலானவை ஷோபாசக்தியைப் பற்றியே இருந்தன. சிறுவயதில் இயக்கத்தில் இருந்து, பின்னர் பிரான்சுக்கு அகதியாகப் போய், ‘கொரில்லா’ நாவலை எழுதியவர் ஒரு முன்னாள் போராளியாக நடிக்கிறார் என்றால் பேசத்தானே செய்வார்கள். மிச்சம் இருந்தவை அரசியல். படம் ஈழத்தை எப்படிக் காட்டுகிறது, பாரிஸ் புறநகரை எப்படிக் காட்டுகிறது என்று பாராட்டியவர்களும் திட்டியவர்களும் போரைத்தான் பேசினார்கள்.

எனக்கென்னவோ அது போர்ப்படமாகப் படவில்லை. பிள்ளையோடு அந்நிய தேசத்தில் போய் இறங்கி, அங்கே ஒரு குடும்பமாக ஆவது எப்படி என்பதுதான் அதன் விஷயம். அப்படிப் பார்த்தால், முதல் பாதி ஏன் இவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதும் முடிவு எங்கே நம்மைக் கைவிடுகிறது என்பதும் புரியும்.

கதை தெரிந்ததுதான். போர் முடியும் நேரம். செத்துப்போன மூன்று பேரின் பாஸ்போர்ட் இருக்கிறது. அதற்குப் பொருத்தமாக ஒரு கணவன், ஒரு மனைவி, ஒன்பது வயதில் ஒரு பெண்பிள்ளை வேண்டும். யாழினி முகாமுக்குள் அலைந்து, தாய் இல்லாத பிள்ளை ஒன்றைத் தேடிப் பிடிக்கிறாள். சந்தையில் காய் பார்ப்பதுபோலத்தான் இருக்கிறது அந்தத் தேடல். ஒருவரை ஒருவர் தெரியாத மூன்று பேர் பாரிஸில் இறங்குகிறார்கள். தீபன் இரவில் மினுக்கு விளக்குச் சாமான்கள் விற்கிறான். பிறகு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பைப் பராமரிக்கும் வேலை கிடைக்கிறது. யாழினிக்கு ஒரு முதியவர் வீட்டில் சமையல் வேலை. சம்பளம் மாசம் 500 யூரோ என்றதும் அவளுக்கு வரும் மலைப்பு, வெளிநாட்டில் முதல் சம்பளத்தை ஊர்ப் பணத்தில் பெருக்கிப் பார்த்த எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இதில் ஓடியார் செய்த கெட்டிக்காரத்தனம் அந்தப் பொய்க் குடும்பம். நிஜக் குடும்பம் பெயர்ந்து போனால், அங்கே நடப்பதையெல்லாம் பாசம் என்ற போர்வை மூடிவிடும். அப்பாவுக்கு வந்த அரசாங்கக் கடிதத்தைப் பிள்ளை படித்துச் சொல்லும். ஆஸ்பத்திரியில் அம்மாவின் வயிற்று வலியை டாக்டருக்கு மொழிபெயர்க்கும். பள்ளிக்கூடத்தில் தன்மேல் வந்த புகாரையும் தானே வீட்டில் விளக்கும். ‘என் பிள்ளை எவ்வளவு சமர்த்து’ என்று நாம் சொல்லிக்கொள்வோம். அது ஒரு வேலை என்றோ, அந்த வேலைக்கு அதன் வயது போதாது என்றோ நமக்குத் தோணாது. இங்கே ரத்த உறவு இல்லாததால் போர்வையும் இல்லை. அந்த வேலை அப்படியே வெளியே தெரிகிறது.

இளையாளைப் பாருங்கள். பிரெஞ்சு தெரியாத பிள்ளைகளுக்கான தனி வகுப்பில் போடுகிறார்கள். விளையாட்டில் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை என்று ஒரு பிள்ளையை அடித்துவிடுகிறாள். வீட்டுக்கு வந்தால் ஆறுதல் சொல்லவும் ஆள் இல்லை. யாழினிக்குத் தாயாக இருக்கத் தெரியாது, இருக்கவும் விருப்பமில்லை. அவளுக்கு இங்கிலாந்திலுள்ள உறவுக்காரியிடம் போய்விட வேண்டும். கொஞ்சம் அன்பாக நடந்துகொள்ளச் சொல்லி இளையாள்தான் அவளிடம் கேட்க வேண்டியிருக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு வளர்ந்த பெண்ணுக்குத் தாயாக இருப்பது எப்படியென்று சொல்லிக் கொடுக்கிறது. வீட்டில் பிரெஞ்சு முதலில் வாய்க்கு வருவதும் அவளுக்குத்தான். குடும்பம் என்பது பெட்டியில் கட்டிக் கொண்டுபோகிற சாமான் இல்லை, போன இடத்தில்தான் அதைச் செய்ய வேண்டும், பெரும்பாலும் அதைச் செய்வது பிள்ளைதான். இதைப் படம் ஒரு வசனத்திலும் சொல்வதில்லை. ஆனால் நமக்குத் தெரிந்துவிடுகிறது.

யாழினியைப் படம் குற்றவாளியாக்காததும் எனக்குப் பிடித்திருக்கிறது. காளீஸ்வரி ஸ்ரீனிவாசன் அவளை நல்லவளாகக் காட்ட எந்த முயற்சியும் எடுப்பதில்லை. இங்குள்ளவர்களின் நகைச்சுவை தனக்குப் புரிவதில்லை என்று தீபன் சொல்லும்போது, தமிழிலேயே உனக்கு அது கிடையாது என்கிற மாதிரி அவள் சொல்லிச் சிரிக்கும் இடத்தில், அந்த இரண்டு பேரும் முதல் தடவையாகப் புருஷன் பெண்சாதி மாதிரித் தெரிகிறார்கள். தாலி செய்யாததை ஒரு கிண்டல் செய்துவிடுகிறது.

அப்புறம் துப்பாக்கி வருகிறது. குடியிருப்பில் போதைமருந்துக் கும்பல், தீபனுக்குள் தூங்கிய போராளி, புகை மூடிய படிக்கட்டு. சண்டைக்காட்சியாக அது நன்றாகத்தான் எடுக்கப்பட்டிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனா கதை சட்டென்று ஓர் ஆண் தன் பெண்ணை மீட்கும் கதையாகிவிடுகிறது. அதுவரை தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய வீட்டை, கடைசியில் ஒரு மணிநேர வீரத்துக்குப் பரிசாகக் கொடுப்பதுபோல் ஆகிறது. அதைக் கட்டியதில் பெரும்பங்கு யாருடையதோ, அந்தப் பிள்ளைக்கு இந்தப் பகுதியில் வேலையே இல்லை.

முடிவு இங்கிலாந்தில். பச்சைப் புல்வெளி, வெயில், கைக்குழந்தை, டாக்ஸி ஓட்டும் தீபன். எனக்கு உறுத்துவது அதன் இனிப்பு மட்டும் அல்ல. இளையாள் இவ்வளவு அடிபட்டு ஒரு மொழியைக் கற்றாள். இப்போது மறுபடி வேறு நாடு, வேறு வகுப்பறை, வேறு மொழி. மறுபடியும் யார் சேர்த்துக்கொள்வார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பெரியவர்களுக்குக் கரையேறியதாகத் தெரியும் இடம், பிள்ளைக்கு இன்னொரு முதல் நாள். இந்தக் கேள்வி படத்துக்குத் தோணவே இல்லை.

அந்த இங்கிலாந்து நிஜமல்ல, தீபனின் கனவு என்று சிலர் வாசிக்கிறார்கள். இருக்கட்டும். கனவென்றாலும் அது அவனுடைய கனவுதானே. நல்ல நாடு, நல்ல வீடு, எல்லாம் பிள்ளைக்காகத்தான் என்று சொல்லி இடம்பெயரும் நாம் காண்கிற அதே கனவு. அதில் பிள்ளைகள் எப்போதும் புல்வெளியில் சந்தோஷமாகத்தான் இருப்பார்கள். அவர்களிடம் கேட்டிருக்க மாட்டோம்.

முதல் பாதியில் ஓடியார் கேட்டார். அதனால்தான் ‘தீபன்’ பார்க்க வேண்டிய படம். அதே காரணத்துக்காகத்தான் அதன் முடிவை என்னால் மன்னிக்க முடியவில்லை. துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்த பிறகு, அந்தப் புல்வெளிக்குப் பதிலாக ஓர் ஆங்கிலப் பள்ளியின் வாசலை மட்டும் காட்டியிருந்தால் எனக்குப் போதும்.