அல்லது, இல்லாட்டி, ஆவது

நெமிலிச்சேரியில் எங்க ஆயா சொன்னதை அப்படியே எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். 'நாளைக்கு நடவுக்கு வரணும், இல்லாட்டி குடிசையப் பிரிச்சுடுவேன்னான்' என்பது அவள் பேச்சு. அச்சில் 'நடவுக்கு வர வேண்டும் அல்லது குடிசை பிரிக்கப்படும்' என்று வந்தது. ஒரே அர்த்தம்தானே என்றார்கள். இல்லை.

'அல்லது' பிறந்தது 'அல்' என்ற வேரில்: இது அன்று, அது. 'இல்லாட்டி' பிறந்தது 'இல்' என்ற வேரில்: இது இல்லாமல் போனால். முன்னதில் இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கு. கேள்வித்தாளில் இரண்டு கேள்விக்கு நடுவே நிற்கிற 'அல்லது' மாதிரி, எதை எழுதினாலும் அதே மார்க். பின்னதில் ஒன்று பறிபோகப் போகுது. ஆண்டை வாயில் அது தேர்வல்ல, மிரட்டல். திருத்தியவர் ஆயாவுக்குத் தேர்வு கொடுத்தார். 'ன்னான்' என்பதை நீக்கி ஆண்டையையும் தப்ப விட்டார்.

'ஆவது' இன்னொரு கதை. 'சோறாவது கூழாவது' என்று இரட்டையாக வந்தால் தேர்வு. 'கூழாவது ஊத்துங்க' என்று ஒற்றையாக வந்தால் கெஞ்சல். ஆயாவுக்கு வாய்த்தது ஒற்றை 'ஆவது'தான்.

சட்டத்துக்கும் ஒரு 'அல்லது' இருக்கு. 1950ஆம் வருஷத்துப் பட்டியல் சாதி ஆணை, பஞ்சாபின் சில சீக்கியச் சாதிகள் நீங்கலாக, இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956ல் சீக்கியரைச் சேர்த்தார்கள். அதே வருஷம் அக்டோபர் 14ல் அம்பேத்கரோடு நாக்பூரில் பௌத்தம் தழுவியவர்கள் உள்ளே வர 1990 ஆனது. இந்து, சீக்கியர் அல்லது பௌத்தர் என்று வரிசை நீண்டதே தவிர, கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியேதான். அந்தப் பத்தியையே எடுக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007ல் அறிக்கை கொடுத்தது.

எங்க சித்தப்பா வேதத்தில் சேர்ந்தவர். தமிழ்நாட்டில் அவருக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ், அப்பாவுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ். இரண்டு பேரும் ஒரே ஆயா பெத்த பிள்ளைங்க, ஒரே தெரு. சர்க்காருக்கு அவர் வேதக்காரர், ஊருக்குப் பறையர். நீ இதுவா அல்லது அதுவான்னு அவரை யாரும் கேக்கல.

தோழர்களே, நம்ம சனங்க சாட்சியத்தை அச்சுக்கு அனுப்பும்போது பிழை திருத்துங்க, வேணாங்கல. 'இல்லாட்டி'யில மட்டும் கைவைக்காதீங்க.